அத்தாஉல்லா ஸேரின் ஜீப்

“ஸேர், இந்த ஜீப்பக் கராஜுக்கு விடுங்க. பிரேக் குழாய் மாத்தி முடியுமட்டும் நாங்க ஒருத்தரும் இதில ஏற மாட்டம்.”

பாடசாலை விட்டு, பிள்ளைகளெல்லாம் போய்விட்ட நேரம். பூவரச மரத்தடியில் நின்ற ஜீப்பின் கதவில் கை வைத்தபடி அதிபர் அத்தாஉல்லா ஸேர் திரும்பினார். வகுப்பு மேசையொன்று வாய் திறந்து பேசிவிட்டதைப் போல நிஸ்மியாவைப் பார்த்தார்.

சொல்லவே கூடாதென்று அவளுக்குச் சொல்லப்பட்டிருந்த விஷயம் அது. ஆசிரியை வேலை கிடைத்த அன்றைக்கே உம்மா சொல்லிவைத்தாள்: “ஸேர்ட ஜீப்பப் பத்தி நல்லதோ கெட்டதோ, வாயத் தொறக்காத புள்ள. அது ஒனக்குக் கெடச்ச கால்.”

உம்மா சொன்னதில் பிழையில்லை. தில்லையடியிலிருந்து கற்பிட்டிப் பக்கம் தினமும் போய்வர வேண்டும். வாப்பா செய்னுலாப்தீன் உப்பளத்தில் வெயில் குடித்து மகளைப் பட்டதாரியாக்கிய மனிதர். குடும்பத்தில் அவளுக்கு முன்னால் யாரும் ஓ.எல். பரீட்சை தாண்டியதில்லை. ஆனால் கற்பிட்டி பஸ் என்றால் மட்டும் அவருக்கு வேப்பங்காய். பொம்பளப் பிள்ளை நெரிபட்டுத் தொங்கிக்கொண்டு போனால் நாலு பேர் நாலு விதமாகக் கதைப்பார்களாம். “ஒலுவில் கெம்பஸுக்கும் பஸ்ஸிலதானே போனன்?” என்று கேட்டாள். “அது படிப்பு, இது வேல” என்றார். கடைசியில் அத்தாஉல்லா ஸேரே வீட்டுக்கு வந்து, கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்து, “என்ட மகளப் போலக் கூட்டிப்போய்க் கூட்டிவாறன்” என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் வாப்பா தலையாட்டினார். ஜீப் இல்லையென்றால் வேலை இல்லை. கணக்கு அவ்வளவுதான்.

ஜப்பானில் யாரோ ஆண்டு அனுபவித்துக் கழித்துவிட்ட டீசல் ஜீப் அது. இங்கே வந்தும் இரண்டு மூன்று கை மாறியபின் ஸேரிடம் வந்து சேர்ந்தது. சனி ஞாயிறுகளில் ஸேருடைய தம்பி அதன் பின்னால் படகைக் கட்டிக் களப்பிலிருந்து கரைக்கு இழுப்பார். பின்சில்லு இரண்டும் முங்க உப்புத் தண்ணீரில் நிற்கும். பிறகு வீட்டுக் கிணற்றில் அள்ளிக் கழுவுவார்கள். அந்தத் தண்ணீரும் உவர். ரேடியேட்டருக்கும் அதே தண்ணீர்தான். அடித்தகடெல்லாம் மழையில் நனைந்த பப்படம் போல ஆகிவிட்டிருந்தது.

அதில் போகிற மூன்று ஆசிரியர்களுக்கும் ஆளுக்கொரு வேலை இருந்தது. முன்சீட்டில் கணக்குப் படிப்பிக்கும் தாஹிர் ஸேர். நாலாவது கியர் கழன்று வராமல் கம்பைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வருவார். பின்சீட்டில் பஸீனா டீச்சர் மடியில் இரண்டு தண்ணீர்ப் போத்தல்களுடன், பிள்ளைத்தாச்சியைப் போல அசையாமல் இருப்பாள். நிஸ்மியாவின் காலடியில் ரப்பர் விரிப்பு. அதற்குக் கீழே தகடு கிடையாது, நேரே றோட்டுத்தான். விரிப்பு கிளம்பாமல் மிதித்துக்கொண்டிருப்பது அவள் வேலை.

வேலையைவிடப் பெரிது கதைக்கும் முறை. எஞ்சின் கொதித்து ஆவி கிளம்பினால் கொதிக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. “வெயில் கடும் என்ன ஸேர்?” என்பார் தாஹிர் ஸேர். ஜீப் ஓரங்கட்டும், போத்தல் முன்னுக்குப் போகும். ஸ்டியரிங் ஒரு பக்கமாய் இழுத்தால், “இண்டைக்குக் காத்து பலம்.” ஸ்டார்ட் எடுக்க மறுத்தால், “அவசரமில்ல ஸேர், நேரம் கெடக்கு.” பிரேக்கை இரண்டு மூன்று தரம் மிதித்தால்தான் பிடிக்கும். அந்த நேரம் மூவரும் பேச்சை நிறுத்திவிட்டு வெளியே பார்ப்பார்கள், சபையில் பெரிய மனிதர் ஒருவருக்குக் காற்றுப் பிரிந்துவிட்டதைப் போல. ஆறு மாதத்தில் நிஸ்மியாவும் அந்தக் கதையைப் பழகிவிட்டாள். அவளுக்குத் தன்மீதே ஆத்திரம் வந்தது அதனால்தான்.

பாலாவியில் கராஜ் வைத்திருக்கும் மெக்கானிக் இன்னாசிப்பிள்ளை பாஸ் ஒருநாள் ஜீப்புக்குக் கீழே படுத்துப் பார்த்துவிட்டு, உள்ளே இருந்த மூவருக்கும் கேட்கத்தான் சொன்னார்: “பிரேக் குழாயெல்லாம் துரு தின்டிட்டுது ஸேர். மாத்தாம ஓடவேணாம்.” ஸேர் பாஸை மாற்றினார். குழாயை மாற்றவில்லை.

நேற்று, வீடு திரும்பும் வழியில், நுரைச்சோலைக்குக் கிட்ட வெங்காய லொறியொன்று முன்னால் நின்றது. ஸேர் மிதித்தார், மிதித்தார், மறுபடி மிதித்தார். மிதி தரையோடு போய் அங்கேயே படுத்துக்கொண்டது. ஸ்டியரிங்கை வெட்டினார். ஜீப் வேலியைப் பிய்த்துக்கொண்டு ஒரு வெங்காயத் தோட்டத்துக்குள் இறங்கி, மணலில் புதைந்து நின்றது. பஸீனா டீச்சர் கலிமாவைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தாஹிர் ஸேரின் நெற்றியில் எலுமிச்சங்காய் அளவுக்கு வீக்கம். அந்த வீக்கத்தைத் தடவிக்கொண்டே அவர் சொன்ன முதல் வார்த்தை: “றோட்டு சறுக்குது ஸேர்.”

மழை கண்ணில் பட்டு மாதக்கணக்கு.

மண்வெட்டியோடு ஏசிக்கொண்டு ஓடிவந்த தோட்டக்காரர் ஸேரைக் கண்டதும் மண்வெட்டியைக் கீழே வைத்தார். “ஸேரா? பரவால்ல ஸேர், வெங்காயம் பொறகும் நடலாம்.”

ஜீப்பை இழுத்தெடுத்து, கசிந்த இடத்தில் எதையோ சுற்றி, ஒயில் ஊற்றி, இன்று காலையும் அதிலேயே வந்தார்கள். நிஸ்மியாவும் ஏறினாள். பாலாவிச் சந்தியில் ஸேர் மிதிக்கும்போது தன் கால் தானாகவே விரிப்பை மிதிப்பதைக் கண்டாள். இனி ஏலாது என்று அங்கேயே நினைத்துக்கொண்டாள்.

இடைவேளையில் மற்ற இருவரிடமும் கேட்டாள். “நீ சொல்லு புள்ள. கெம்பஸ் போன வாய், ஒனக்குக் கதைக்கத் தெரியும். நாங்க பின்னுக்கு நிக்கிறம்” என்றாள் பஸீனா டீச்சர். “ஓம் ஓம், கட்டாயம் சொல்லத்தான் வேணும்” என்றார் தாஹிர் ஸேர், வீக்கத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு.

இப்போது அத்தாஉல்லா ஸேர் கேட்டார்: “நாங்க எண்டா, ஆரு ஆரு?”

நிஸ்மியா திரும்பினாள். தாஹிர் ஸேர் எப்போது ஏறினாரோ, முன்சீட்டில் இருந்து கியர்க் கம்பில் கையும் வைத்துவிட்டார். பஸீனா டீச்சர் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

“வா புள்ள” என்றாள் டீச்சர் மெல்ல. “வெயிலுக்க நிண்டு…”

“ஓம் டீச்சர், வெயில் கடும்தான்” என்றாள் நிஸ்மியா. டீச்சர் மற்றக் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டாள்.

ஸேர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுகமாக இருந்திருக்கும். “மகள், ஹயாத்தும் மவுத்தும் அல்லாஹ்ட கையில. அவன்ட மேல பாரம் போடுற தவக்குல் இல்லாம என்ன படிச்சு என்ன?”

“ஒட்டகத்தக் கட்டிப்போட்டுட்டுத்தான் தவக்குல் வைக்கச் சொல்லி நபியவங்களே சொல்லியிரிக்காங்க ஸேர். ஒங்கட ஒட்டகம் நேத்து வெங்காயம் மேஞ்சிது.”

முன்சீட்டில் ஒரு சிரிப்பு வெடித்து உடனே இருமலாக மாறியது.

ஸேர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். அவரும் களைத்துத்தான் இருந்தார். “கராஜுக்கு விட்டா மாசக்கணக்கா நிக்கும். அதுவரைக்கும் நாங்க எதில வாறது? ஸ்கூலப் பூட்டவா?”

“பஸ்ஸில வாறம். நீங்களும் வாங்க.”

“அதிபர் பஸ்ஸிலயா?” அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். குழாய் ஏன் மாறவில்லை என்பது நிஸ்மியாவுக்கு அந்தக் கேள்வியில் விளங்கிவிட்டது.

அவர் போனை எடுத்தார். எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார். உப்பளத்துக் காற்று முதலில் இரைந்தது. பிறகு வாப்பாவின் குரல்.

“ஸலாம் ஸேர். மகள் ஏதும் பிழ செஞ்சிட்டாளா?”

அதைத்தான் முதலில் கேட்டார்.

“ஜீப்பில ஏற மாட்டாவாம். பஸ்ஸில போகப் போறாவாம்.”

“நிஸ்மி, ஸேரோட வா மகள்.”

“பிரேக் இல்ல வாப்பா. நேத்து நடந்ததச் சொன்னன்தானே?”

“றோட்டு சறுக்கின எண்டு ஸேர் சொன்னாரு.”

“நான் சொன்னது?”

வாப்பா மெல்லிய குரலில், ஸேருக்குக் கேட்கிறதே என்ற வெட்கத்தோடு சொன்னார்: “பஸ்ஸில வந்தா நாளையிலேருந்து வேலைக்குப் போகத் தேவல்ல. சொல்லிப்போட்டன்.”

கோபம் பொங்குமென்று நிஸ்மியா எதிர்பார்த்தாள். வந்தது களைப்புத்தான். இந்த மனிதர் உப்பு வாரிய கையால்தான் தனக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்தார் என்பதும் நினைவில் வந்தது. நினைவு வந்தும் அவள் இளகவில்லை.

“பஸ்ஸிலதான் வாறன் வாப்பா. நாளைக்கும் பஸ்ஸிலதான் வேலைக்குப் போவன். ஏசுறதெண்டா வீட்டுக்கு வந்தாப்பொறகு ஏசுங்க. ஸேர்ட போனில வேணாம்.”

ஸேர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். “நீங்க இந்தக் கேற்றத் தாண்டினா, ஒங்கட வாப்பாக்கு நான் குடுத்த வாக்கு இண்டையோட முடிஞ்சிது.”

“முடிஞ்சிது ஸேர்” என்றாள் அவள். “நாளைக்கு முதல் பாடம் எனக்குத் தரம் ஒன்பதில. வந்திருவன்.”

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். பின்னால் ஸ்டார்ட்டர் இரண்டு தரம் முனகி அடங்கியது. “அவசரமில்ல ஸேர்” என்று தாஹிர் ஸேரின் குரல் கேட்டது.

கேற்றுக்கு வெளியே மணல் செருப்பையும் தாண்டிச் சுட்டது. அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் தேவை இதுவரை வந்ததில்லை. கடைத்தெருவில் யாரிடமாவது கேட்கலாம் என்று பெரிய றோட்டுப் பக்கம் திரும்பி நடந்தாள்.