அடித்த மைனஸ்

பிளஸ் ஒன் இயற்பியல் பரீட்சை முடிந்து, தென்காசியில் குற்றாலம் பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஜெயபிரியாவுக்கு அந்தக் கடைசிக் கணக்கு உறுத்தியது. செயற்கைக்கோளை மேல்பாதைக்கு ஏற்ற எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்ற கணக்கு. இரண்டு பாதையிலும் மொத்த ஆற்றல் மைனஸில் வந்தது. ஆற்றல் எந்த ஊரில் மைனஸில் இருக்கும் என்று, மணியடிக்கிற நேரத்தில் இரண்டு குறியையும் அடித்துத் தொலைத்தாள்.

"அப்ப வித்தியாசம்?" என்றாள், அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்த வகுப்புத்தோழி வேல்விழி.

"முப்பது இருபதாக் கொறஞ்சிட்டு."

"ஏட்டி, மைனஸ் முப்பது மைனஸ் இருபது ஆனாத்தான் ஆற்றல் கூடும். நீ எழுதுனதப் பாத்தா அது எரிபொருளே இல்லாம தானா மேல ஏறுது."

ஜெயபிரியா வெளியே பார்த்தாள். ஜன்னலில் மெயின் அருவி தெரிந்தது. தண்ணீர் கீழேதான் விழுந்துகொண்டிருந்தது. அவள் விடைத்தாளில் மட்டும் அது மேலே ஏறிக்கொண்டிருந்தது.