சுப்ரீம் கோர்ட் மைசூர்பாக்

வாய்க்கரிசி போடக் குனிந்த வசந்தாமணியின் காதோரம் வந்து ஜலஜா அந்தச் சேதியைச் சொன்னாள்.

"அக்கா, கவலைப்படாதீங்க. அரிசி டின்னுக்குள்ள ஒரு மஞ்சப்பை இருந்துச்சில்ல, அத உங்க கொழுந்தனார்கிட்ட பத்திரமா குடுத்துட்டேன். நகையாத்தான் இருக்கும்னு பிரிச்சுக்கூடப் பாக்கல."

வசந்தாமணியின் கையிலிருந்த அரிசி கணவர் மணியனின் வாய்க்குப் போகாமல் மீசையில் உதிர்ந்தது.

ஜலஜா பக்கத்து வீட்டுக்காரி. காலையில் அவளிடம் சாவியைக் கொடுத்து, ஒரு டம்ளர் அரிசி எடுத்து வரச் சொன்னது வசந்தாமணிதான். டெக்சாஸின் சுகர் லேண்டில் மூன்று பெட்ரூம் வீடு, இரண்டு கார் கராஜ் எல்லாம் வந்தாலும், முக்கியமானதை அரிசி டின்னுக்குள் புதைத்து வைக்கிற புத்தி நம் பெண்களை விட்டுப் போவதில்லை. ஜலஜா நகை என்று நினைத்ததில் தப்பே இல்லை. ஆனால் அந்தப் பையில் இருந்தது மணியனின் கைத்துப்பாக்கி. அதிலும் குண்டு போட்டது.

நெஞ்சு வலி என்று மணியனை ஐ.சி.யூ.வில் சேர்த்த அன்றைக்கே அவளுக்குத் தெரிந்துவிட்டது, வீட்டில் கூட்டம் சேரப் போகிறது என்று. கூட்டம் என்றால் குழந்தைகளும்தான். குழந்தைகள் சும்மா இருக்குமா? டிராயரையெல்லாம் இழுத்துப் பார்க்கும். குண்டைக் கழற்ற அவளுக்குத் தெரியாது. மணியன் எத்தனையோ தடவை சொல்லித்தர வந்தார். "அதத் தொட்டா நான் தோத்த மாதிரி" என்று வீம்பு பிடித்தவள் அவள். அதனால் கட்டிலருகே டிராயரில் இருந்ததை ஒரு துண்டால் பிடித்து எடுத்து, ஊரிலிருந்து வந்த மஞ்சப்பையில் போட்டு, அரிசிக்குள் புதைத்திருந்தாள். சாவு விழுந்த கலக்கத்தில் காலையில் அது ஞாபகத்துக்கே வரவில்லை.

கொழுந்தன் கிட்டுசாமி சவப்பெட்டியின் தலைமாட்டில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான். சாவுச் சேதி கேட்டு, நாலு மணி நேரத் தூரத்திலிருக்கும் ஃபிரிஸ்கோவிலிருந்து காரை விரட்டிக்கொண்டு வந்தவன்.

"தம்பி, அந்தப் பை எங்க?"

"அண்ணன்கிட்டத்தான் இருக்குங்க அண்ணி" என்றான் அவன், கண்ணால் பெட்டியைக் காட்டி. "கண்ணாடி, வாட்ச் எல்லாம் கூட வெச்சோமில்லீங்களா? இதையும் கால்மாட்டுல வேட்டிக்கு அடியில வெச்சுட்டேன். உசுரா வெச்சிருந்தாரு. அவரோடயே போகட்டுங்க."

"தம்பி, அது லோட் பண்ணி இருக்கு."

கிட்டுசாமியின் அழுகை சட்டென்று நின்றது. "ஐயோ! குண்ட நீங்க எடுத்திருப்பீங்கன்னு நெனச்சனுங்களே!"

அதே நேரம் ஃபியூனரல் ஹோம் ஆட்கள் இரண்டு பேர் பெட்டியின் மூடியைப் பிடித்தார்கள். மூடினால் அடுத்தது க்ரிமடோரியம். அங்கே மகள் ரோஷினி பட்டனை அமுக்க வேண்டும். அத்தனை நெருப்பில் குண்டுகள் என்ன ஆகும்? உலைப் பக்கத்தில் நிற்பவன் எந்த வீட்டுப் பிள்ளையோ!

இந்தத் துப்பாக்கிக்கு ஏழு வருஷச் சண்டை. அடுத்த தெருவில் ஒரு தமிழ் வீட்டில் தங்கத்துக்காகத் திருடன் புகுந்து, அந்த வீட்டம்மாவை நாற்காலியில் கட்டிப் போட்டுவிட்டுப் போனான்; அந்த வாரமே மணியன் இதை வாங்கி வந்தார். "போலீஸ் வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருதே வசந்தா. நம்ம வீட்ட நாமதான் பாத்துக்கணும்" என்றார். "திருடன் ஒரு நாள் வருவான். இது தெனமும் வீட்டுல இருக்குமே" என்றாள் அவள். வர்ஜீனியா காலேஜில் ஒருத்தன் சுட்டுப் பிள்ளைகள் செத்த செய்தி வந்த அன்று அவள் அடுப்பே பற்ற வைக்கவில்லை. அவரோ, "அங்க ஒரு வாத்தியார் கையிலயாவது துப்பாக்கி இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தார். அன்று இருவரும் சாப்பிடவில்லை.

இந்த ஜூனில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தபோது அவரைப் பிடிக்க முடியவில்லை. நம் ஊர்க் கடைகள் இருக்கும் ஹில்கிராஃப்ட் வரை போய் மைசூர்பாக் வாங்கி வந்து, வேண்டாம் வேண்டாம் என்றவளின் வாயில் ஒன்றைத் திணித்தார்.

"சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு, வீட்டுல துப்பாக்கி வெச்சுக்கறது என்னோட உரிமைன்னு. நீ தோத்துட்டே!"

"இருங்க, ஒரு நாள் நான் ஜெயிப்பேன்."

"ஜெயிச்சா அன்னிக்கு நீ வாங்கு மைசூர்பாக்."

அவர் பக்கம் நியாயமே இல்லை என்றும் அவளால் சொல்ல முடியாது. போன மாதம் ஐக் புயலில் தெருவே இருண்டு கிடந்தபோது, அதை மடியில் வைத்துக்கொண்டு கராஜ் வாசலில் காவல் இருந்தவர் அவர்தான். அந்த இருட்டில் அவள் நன்றாகத் தூங்கினாள். இதை அவரிடம் அவள் சொல்லவே இல்லை.

மூடி இறங்கத் தொடங்கியது. வசந்தாமணி பாய்ந்து பெட்டிக்குள் கையை விட்டாள்.

"ஐயோ பாவம், விட மனசு வரல" என்று ஹால் முழுக்க அழுகை வெடித்தது. பெண்கள் நான்கைந்து பேர் ஓடி வந்து அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள். "போனவரு போயிட்டாரு வசந்தா, மனசத் தேத்திக்கம்மா!"

"அட, விடுங்க என்னைய!" என்று அவள் போட்ட சத்தத்தில் எல்லாரும் பின்வாங்கினார்கள். வேட்டிக்கடியில் துழாவி, மஞ்சப்பையின் காதை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக வெளியே தூக்கினாள். பை கனத்துத் தொங்கியது. உள்ளே இருப்பதன் வடிவம் துணியில் அப்படியே தெரிந்தது.

"ஓ மை காட்! அம்மா, இஸ் தட் டாட்ஸ் கன்?" என்றாள் ரோஷினி.

அழுகை அத்தனையும் அடங்கிவிட்டது. ஊர்வலத்துக்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் போவதற்காக வாசலில் நின்ற போலீஸ்காரரை ரோஷினி ஓடிப்போய் அழைத்து வந்தாள். நெட்டையான டெக்சாஸ்காரர். தொப்பியைக் கழற்றிவிட்டு, பையை வாங்கி, ஒரு மூலைக்குப் போய்க் குண்டுகளைக் கழற்றினார். சுடத் தயாராக சேம்பரிலும் ஒன்று இருந்ததாம். "நல்ல வேலை செய்தீர்கள் மேடம்" என்றார் ஆங்கிலத்தில். "நல்ல துப்பாக்கி. இனி இது உங்களுடையது. வைத்துக்கொள்வது உங்கள் உரிமை."

ஏழு வருஷமாகக் கேட்டுக் காது புளித்த சொல். வசந்தாமணி நிமிர்ந்தாள். ஆபீஸ் போகாதவள், இங்கிலீஷ் என்றால் ரோஷினியைத் தேடுகிறவள், இன்று யாரையும் தேடவில்லை.

"மை ரைட்?"

"யெஸ் மேடம்."

"தென், மை ரைட் டு சே நோ. யூ டேக். யூ மெல்ட் இட்."

கிட்டுசாமி பதறினான். "அண்ணி, உருக்கறதுக்கு எதுக்குங்க? எனக்குக் குடுங்க, அண்ணன் ஞாபகமா வெச்சுக்கறனுங்க."

"ஞாபகத்துக்கு அவரு வாட்ச எடுத்துக்குங்க தம்பி. உங்க வீட்டுலயும் டிராயர் இழுக்கற வயசுல புள்ளைங்க இருக்குதுங்க."

உருக்கிவிடச் சொல்லி எழுதிக் கொடுக்கிறேன் என்று போலீஸ்காரர் வாக்குக் கொடுத்துவிட்டு, வெறும் பையை மட்டும் மடித்து அவளிடம் நீட்டினார்.

அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் பெட்டியருகே போனாள். அவர் மீசையில் சிக்கியிருந்த அரிசியை ஒவ்வொன்றாய் எடுத்து வாயில் போட்டாள்.

"ஏனுங்க, கேட்டுச்சுங்களா? ஜெயிச்சுட்டேன்" என்றாள். எல்லார் காதிலும் விழும்படிதான் சொன்னாள். சொல்லிவிட்டு, பதில் வரும் என்பது போலக் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மணியன் யாருக்கும் கடைசி வார்த்தையை விட்டுக்கொடுத்த மனுஷன் இல்லை. பிறகு அவளே மூடியைப் போடச் சொல்லிக் கை காட்டினாள்.

எல்லாம் முடிந்து ரோஷினி அப்பாவின் காரை ஃப்ரீவேயில் ஏற்றினாள்.

"ஹில்கிராஃப்ட் எக்ஸிட் எடு" என்றாள் வசந்தாமணி.

"ஒய்? எல்லாரும் வீட்ல வெயிட் பண்றாங்கம்மா."

"மைசூர்பாக் வாங்கணும்."

ரோஷினி திரும்பிப் பார்த்தாள். "டுடே?"

"உங்கப்பா சொன்னதுதான். போ."

குளிக்காமல் கடைக்குள் வர மாட்டேன் என்று அவள் காரிலேயே இருந்துகொண்டாள். ரோஷினி டப்பாவைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். நெய் மணத்தது. ஒன்றை எடுத்து வாயில் போட்டு மென்றாள். டப்பாவை மூடி, மஞ்சப்பைக்குள் வைத்தாள்.

வண்டி கிளம்பியது. ரோஷினி பிரேக் போட்டபோதெல்லாம் பை நழுவப் பார்த்தது. அதன் காதைச் சுருட்டி மடியோடு பிடித்துக்கொண்டாள் வசந்தாமணி.