டும்பிலி என்று ஒரு பாட்டு

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, விசிறிக்குக் கீழே இடம் இருக்கிறது. ஒரு பாட்டு வெளியான கதை சொல்கிறேன். பாடியவள் பேரும் புகழும் உள்ள பாடகி. கதை அவளுடையது இல்லை, அவளுக்குத் தலை அலங்காரம் செய்கிறவளுடையது.

மேடை ஏறும் முன் ஒன்றரை மணி நேரம் பாடகியின் தலை இவள் கையில்தான். கொண்டை ஊசிகளைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலை பார்ப்பாள். அதனால் பேச்சு குறைவு. ஒருநாள் பாடகி கேட்டாள், "உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களாக்கா?"

ஊசிகளை வாயிலிருந்து எடுத்தாள். "ஒருத்தி இருந்தா. ஆறு வயசுல காய்ச்சல்ல போயிட்டா. அவங்கப்பா அவளை டும்பிலின்னு கூப்பிடுவாரு."

அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கிடையாது. அப்பன் வாயில் வந்தது, பிள்ளைக்கு ஒட்டிக்கொண்டது. அவள் போனபின் நான்கு வருஷமாக வீட்டில் இருவரும் அந்தப் பேரை எடுத்ததே இல்லை.

சில மாதம் கழித்து, கண்ணாடி முன் உட்கார்ந்தபடியே பாடகி போனை நீட்டினாள். "நாளைக்குக் காலைல பத்து மணிக்கு ரிலீஸ். நீங்கதான் முதல்ல கேக்கணும்."

கால் தானாகத் தாளம் போடும் பாட்டு. நடுவில், "டும்பிலி, டும்பிலி, எங்கே நீ?" திரும்பத் திரும்ப அதேதான்.

இவள் கை சடையிலேயே நின்றுவிட்டது. "இத எடுத்துடுங்கம்மா. அது அவர் வெச்ச பேரு. நான் வெளியில சொன்னதே அவருக்குத் தெரியாது."

பாடகியின் முகம் வாடிவிட்டது. "சந்தோஷப்படுவீங்கன்னு நினைச்சேன்க்கா." மேனேஜரைக் கூப்பிட்டாள்.

அவன் சொன்னான், "அந்த வார்த்தைய எடுத்தா மீதி டொய்ங் டொய்ங்தான்க்கா. அத யார் கேப்பாங்க?" யாரும் சிரிக்காததைப் பார்த்துக் குரலைத் தணித்தான். "எல்லா இடத்துக்கும் அனுப்பியாச்சு. இனிமே யார் கையிலயும் இல்ல."

பாடகி அழுதாள். மை கலைந்தது. அதையும் இவள்தான் துடைத்துவிட வேண்டியிருந்தது.

புருஷன் பஸ் ஓட்டுகிறவர். சொல்லிவிடுவது என்றுதான் வீட்டுக்குப் போனாள். அவர் சட்டைக்குப் பொத்தான் தைக்கச் சொன்னார். தைத்தாள். வாய் வரவில்லை. விடிந்ததும், "இன்னைக்கு லீவு போடுங்களேன்" என்றாள்.

"பஸ்ஸ நீ ஓட்டப்போறியா? சடை பின்ற மாதிரி இல்ல அது" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"யார்கிட்ட சொன்ன?"

"பாடகியம்மாகிட்டதாங்க. ஒரே ஒரு தடவை."

திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"பின் சீட்டுல யாரோ போன்ல போட்டாங்க. சட்டுனு கண்ணாடியப் பாத்தேன். அப்புறம் சிக்னல்ல, கடை வாசல்ல, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க வாயில. பாட்டுன்னு தெரிஞ்சும் ஒவ்வொரு தடவையும் அவ இருக்காளான்னு பாத்துட்டேன். என்ன பண்றதுன்னே தெரியல."

"பாட்டு பழசாயிடும்ங்க."

"ஆயிடும். கூடவே பேரும் பழசாயிடும்."

அப்போது யார் வீட்டுப் பிள்ளையோ அதைப் பாடிக்கொண்டே மாடிப்படி ஏறியது. அவர் வாசலைப் பார்த்தார். இவளும் பார்த்தாள்.

உங்கள் வீட்டில் செல்லப்பேர் சொல்லிக் கூப்பிடுகிற குரலுக்கு, உள்ளேயிருந்து "இதோ வரேன்" என்று எந்நாளும் பதில் வரட்டும், கண்ணுகளா.