முகம் அசையாத பாடம்

தெளிந்தோர் சபையில் சேர முதல் தகுதி, முகத்தை அசைக்காமல் உட்காரத் தெரிவது. காசு அப்புறம்தான். அதற்காகக் காசு வாங்காமல் விட்டுவிடுவார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அதற்கென்று தனி மேஜை, தனி ஆள், வாய் கொள்ளாத சிரிப்பு எல்லாம் உண்டு. ஆனால் லாஸ் ஏஞ்சலஸில் அந்தப் பெரிய கட்டடத்துக்குள் நுழைகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது, எதிரில் இருப்பவர் என்ன சொன்னாலும் கல்லுப்பிள்ளையாராக உட்கார்ந்திருப்பதைத்தான்.

லாயிட் ஹெண்டர்ஷாட்டுக்கு அது பிறவியிலேயே வராத வித்தை. மலைக்கு அந்தப் பக்கம் பேக்கர்ஸ்ஃபீல்டு ஊரில் வீடு வீடாகப் போய் ஏசி மெஷின் பழுது பார்க்கிறவன். அறுபதைத் தாண்டியும் சீட்டாட்டத்தில் ஒரு நாள் ஜெயித்ததில்லை. நல்ல சீட்டு வந்தால் காது சிவந்துவிடும், கெட்டது வந்தால் மூக்கைச் சொறிவான். மனைவி நடீன் புற்றுநோயில் போன பிறகு, கடையில் ரொட்டி வாங்கப் போன இடத்தில்கூட அழுதவன்.

அவனுடைய ஒரே மகள் கோரின், அம்மா போன மறு வருஷம் நர்ஸ் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுச் சபையில் முழுநேர ஊழியராகப் போய்ச் சேர்ந்தாள். சாப்பாடு, படுக்கை, வேலை எல்லாம் அங்கேயே. கேள்விப்பட்டதும் லாயிட் மலைப்பாதையில் தொழிலுக்கு வைத்திருந்த சின்ன லாரியை விரட்டிக்கொண்டு போய், சபையின் வரவேற்பறையில் நின்று தொண்டை கிழியக் கத்தினான். அன்றே அவன் பெயருக்கு எதிரே 'இடைஞ்சல்' என்று குறித்துவிட்டார்கள். அதன் பிறகு மாதம் ஒரு போன். அதுவும் பக்கத்தில் யாரோ உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பது தெரியும்.

இலையுதிர் காலத்தில் ஒரு நாள் அந்தப் போனில் கோரின் சொன்னாள்: "அப்பா, வருஷம் முடியறதுக்குள்ள நீ முதல் பாடத்தை முடிச்சாகணும். ஊழியர்கள் இடைஞ்சலா இருக்கறவங்களோட ஒட்டுறவு வெச்சுக்கக் கூடாது. முடிக்கலைன்னா இதுதான் கடைசி போன்."

"கடைசின்னா?"

"கடைசின்னா கடைசிதான்ப்பா."

சாமான் விலை சொல்வது போலச் சொன்னாள். லாயிட் போனை வைத்துவிட்டுச் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். இருப்பது ஒரு பெண். அவளும் போய்விட்டால் இந்த வீட்டில் அவன் யாருக்காக விளக்குப் போட வேண்டும்?

கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டான். பாடத்துக்குப் பணம் கட்ட, ஏரியில் மீன் பிடிக்க வைத்திருந்த படகை விற்றான். பக்கத்து வீட்டு ரே ஓர்ட்டேகா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றே கேட்டான்: "மீன் பிடிக்கிற போட்டை வித்துட்டு நீயே போய் வலையில விழுறியாக்கும்?"

"பொண்ணு இருக்காடா உள்ள."

ரே அதற்கு மேல் கிண்டல் செய்யவில்லை. அன்று சாயங்காலமே டாக்கோ பொட்டலத்தோடு வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். 'சீண்டல்' என்ற அந்தப் பாடத்துக்கு அவன்தான் லாயிட்டைத் தயார் செய்தான். விதி இதுதான்: இருவர் முழங்கால் இடிக்க எதிரெதிரே உட்கார வேண்டும். ஒருவர் திட்டலாம், அழலாம், எதை வேண்டுமானாலும் சொல்லலாம். மற்றவர் கண்ணைத் திருப்பக் கூடாது, உதடு துடிக்கக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது. அசைந்தால் தப்பு, மறுபடி முதலிலிருந்து.

"உன் மண்டையில வெயில் பட்டா பிளேன் ஓட்டுறவனுக்குக் கண்ணு கூசுதாம்" என்றான் ரே.

லாயிட் வாயிலிருந்த டாக்கோவோடு சிரித்துவிட்டான்.

"தப்பு. மறுபடி. நீ சமைச்சதைத் தின்னுட்டு என் நாய் வீட்டை விட்டே ஓடப் பார்த்துச்சு."

மறுபடி சிரிப்பு. இப்படியே சில வாரம் போனது. ஒரு நாள் லாயிட்டுக்கு வழி பிடிபட்டது. வார்த்தையைக் கேட்காமல் வெறும் சத்தத்தை மட்டும் கேட்டால் போதும். ஏசியின் கம்ப்ரஸர் உறுமுமே, அந்த உறுமலை மண்டைக்குள் ஓடவிட்டால், எதிரில் இருப்பவர் பேசுவது அதற்குள் கரைந்துவிடும். அப்புறம் ரே செத்துப்போன நடீனை இழுத்து எதையோ சொன்னபோதுகூட லாயிட்டின் காது சிவக்கவில்லை.

ரேதான் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "எனக்கு இது பிடிக்கலைப்பா. உன்னைப் பார்த்தா பயமா இருக்கு."

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தேர்வு. இடைஞ்சலாக இருந்த சொந்தக்காரரை, அந்த ஊழியரேதான் உட்கார்ந்து சீண்ட வேண்டும் என்பது சபை வழக்கம். அதனால் கோரின் வந்தாள். கருநீலச் சீருடை, ஒட்டிய கன்னம். லாயிட் கட்டிக்கொள்ளக் கையை நீட்டினான். அவள் நாற்காலியைக் காட்டினாள்.

"வந்துட்டியாப்பா? உக்காரு."

சுவரோரம் சபைக்காரர்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். மேற்பார்வை பார்த்தவன் ட்ரெண்ட் என்ற இளைஞன். கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டை, அதே போலத் தேய்த்த சிரிப்பு. "சார், பதற்றமே வேண்டாம். சீண்டல்ல சொன்னது எதுவும் கணக்குல வராது. வெளியே யாரும் கேக்க மாட்டாங்க, யாரும் எழுதிக் கொடுக்க மாட்டாங்க. இந்த ரெண்டு நாற்காலியோட சரி."

அந்தக் கட்டடத்தில் அப்படி ஒரு சலுகை வேறெங்கும் கிடையாது. சாப்பாட்டு வரிசையில் முணுமுணுத்தால்கூடப் பக்கத்தில் நிற்பவர் மேலிடத்தில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் சொல்லாதவருக்குத் தண்டனை. லாயிட் ட்ரெண்ட் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டினான். மனமெல்லாம் எப்படியாவது தேறிவிட வேண்டும் என்பதிலேயே இருந்தது.

கோரின் ஆரம்பித்தாள். வழுக்கை, குறட்டை, படகு. லாயிட் அசையவில்லை.

"அம்மா சாகும்போது நீ எங்கேப்பா இருந்த? கீழே கேன்டீன்ல கேக் தின்னுட்டிருந்த."

உண்மைதான். லாயிட்டின் கண் ஒரு நொடி தாழ்ந்தது.

"தப்பு. மறுபடி" என்றான் ட்ரெண்ட்.

அவள் அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். ஆப்பிள் கேக்கா, செர்ரி கேக்கா என்று கேட்டாள். லாயிட் கம்ப்ரஸரை ஓடவிட்டான். கடைசியில் கேன்டீன், கேக், அம்மா எல்லாம் வெறும் உறுமலாகிவிட்டன. ட்ரெண்ட் திருப்தியாகத் தலையசைத்தான்.

அப்போது கோரினின் குரல் இறங்கியது.

"அப்பா, என்னைக் கூட்டிட்டுப் போ."

லாயிட் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இங்க முடியலைப்பா. சாமானை எடுத்து வெச்சுட்டேன். லாரி கொண்டு வந்திருக்கல்ல? நீ இப்ப எந்திரிச்சா நானும் எந்திரிச்சுடுவேன். தனியா அந்த வாசலைத் தாண்ட எனக்கு தைரியம் வரலை. பல தடவை முயற்சி பண்ணிப் பார்த்துட்டேன்."

என்ன கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தான் லாயிட். மூன்று வருஷமாக எந்த வார்த்தைக்கு ஏங்கினானோ, அதையே எடுத்து அடிக்கிறார்கள். இங்கே அசைந்தால் எல்லாம் போச்சு. மகள் போச்சு, போன் போச்சு. உறுமலை இன்னும் கூட்டினான்.

அவள் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. சீண்டுகிறவர் அழலாம், அதற்கும் அனுமதி உண்டு.

"ப்பா, நான் கோரின் பேசறேன். இது பாடம் இல்லை. சும்மா எந்திரிப்பா. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்."

சீண்டுகிறவர் அப்படித்தானே சொல்வார் என்று நினைத்தான். அவன் இமைகூடத் துடிக்கவில்லை. அவன் வாழ்க்கையில் எந்த வேலையையும் இவ்வளவு சுத்தமாகச் செய்ததில்லை.

அவள் கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். "சரிப்பா" என்றாள்.

"தேர்ச்சி" என்றான் ட்ரெண்ட். அறையில் இருந்த மற்றவர்கள் எழுந்து, வழக்கப்படி சுவரில் மாட்டியிருந்த ஸ்தாபகர் படத்தைப் பார்த்துக் கை தட்டினார்கள். லாயிட்டுக்கு முதுகு நனைந்திருந்தது. ஜெயித்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில் சத்தமாகவே சிரித்தான். "பார்த்தியா கோரின், உங்கப்பனுக்கும் வருது."

கோரின் குனிந்து, தன் நாற்காலிக்கு அடியிலிருந்து ஒரு துணிப்பையை இழுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அது என்ன?" என்றான் ட்ரெண்ட்.

"துவைக்கற துணி சார். அப்படியே போட்டுட்டுப் போயிடலாம்னு எடுத்துட்டு வந்தேன்."

பையின் ஜிப் முழுக்க மூடவில்லை. வாய்ப்பக்கம் அவளுடைய குளிர்கோட்டு சுருட்டி வைத்திருந்தது. அதன் இடுக்கில் நடீனின் படம், கண்ணாடிச் சட்டத்தோடு. கோரினின் கட்டிலுக்குப் பக்கத்தில் சின்ன வயசிலிருந்து இருக்கிற படம் அது. கண்ணாடி போட்ட படத்தை யாரும் துவைக்கப் போடுவதில்லை.

லாயிட்டுக்கு அப்போதுதான் புரிந்தது. சீண்டல்தான் இந்தக் கட்டடத்தில் அவள் வாயைத் திறக்க முடிகிற ஒரே இடம். அதற்காகக் காத்திருந்து, சாமானைக் கட்டி, அப்பா எதிரில் வந்து உட்கார்ந்து, நேராகவே கேட்டிருக்கிறாள். அவனோ ஏசி மெஷினைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

"கோரின்" என்றான். "வா, போகலாம். லாரி வாசல்லதான் நிக்குது."

கோரின் திரும்பினாள். அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை. கண் அவன் மேலேயே நின்றது. இமைக்கவில்லை, உதடு அசையவில்லை. பயந்து மறைக்கிறாளா, இல்லை அப்பன் அவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிட்டாளா? பெற்றவனுக்கே கண்டுபிடிக்க முடியவில்லை.

ட்ரெண்ட் சிரித்தான். "பாடம் முடிஞ்சுது சார். இப்ப நீங்க சீண்டறீங்களா அவங்களை? பாருங்க, எங்க ஆளை உங்களால அசைக்க முடியாது."

எல்லோரும் சிரித்தார்கள்.

"வாம்மா" என்றான் லாயிட் மறுபடி.

"நல்லா பண்ணினப்பா" என்றாள் கோரின். ஊழியர்கள் மட்டும் போகிற உள் கதவைத் திறந்துகொண்டு போனாள். லாயிட் எழுந்து இரண்டு எட்டு வைப்பதற்குள் ட்ரெண்டின் கை தோளில் விழுந்துவிட்டது. கத்தலாம். அந்தக் கதவை இடித்துத் திறக்கக்கூட அவனுக்குத் தெம்பு இருந்தது. ஆனால் கத்தினால் ஏன் கத்துகிறாய் என்று கேட்பார்கள், அவள் சொன்னது பாடம் இல்லை என்று தெரிந்துவிடும், பையைத் திறந்து பார்ப்பார்கள். லாயிட் வாயை மூடிக்கொண்டான்.

முன்னறையில், பணம் வாங்குகிற மேஜையில் மார்லீஸ் என்ற அம்மாள் அவனுக்காகவே காத்திருந்தவள் மாதிரி எழுந்து கை கொடுத்தாள்.

"எல்லாரும் உங்களைப் பத்தித்தான் பேசறாங்க சார். ரெண்டாவது பாடத்தை உடனே ஆரம்பிச்சுடுங்க, சூடு ஆறக் கூடாது."

"அதுலயும் சீண்டல் உண்டா?"

"உண்டே. இன்னும் நீளமா, ஒரு நாள் முழுக்க."

"என் பொண்ணு எதிர்ல உக்காருவாளா?"

"கண்டிப்பா சொல்ல முடியாது. விருப்பம்னு குறிச்சு வைக்கறேன்."

அவள் சொன்ன விலைக்கு லாரியையும் அதிலிருக்கிற கருவிகளையும் சேர்த்து விற்றால்தான் கட்ட முடியும். கருவி போனால் தொழில் போச்சு. பேரம் பேச லாயிட்டுக்குத் தோன்றவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

"எழுதிக்கோங்க. கோரின் ஹெண்டர்ஷாட். வேற யாரும் வேண்டாம்."

"இவ்வளவு ஆர்வமா! ரெண்டாவதுலயும் ஒரே தடவையில தேறிடுவீங்க பாருங்க" என்றாள் மார்லீஸ்.

லாயிட் அவளைப் பார்த்துத் தலையாட்டினான். கோரின் ஒருவேளை எதிரே வந்து உட்கார்ந்து, ஒருவேளை இன்னொரு தரம் கேட்டால், முதல் வார்த்தையிலேயே எழுந்துவிட வேண்டும். மீண்டும் கேட்பாளா என்பதுதான் அவனுக்குத் தெரியவில்லை. மார்லீஸ் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டான்.