முதலில் சொல்ல வேண்டியது

வீட்டு வாசலில் டாக்ஸியிலிருந்து இறங்கியதுமே ரவிக்குமார் மாமா கனிமொழியின் கையைப் பிடித்துக்கொண்டார். அவளுடைய இன்னொரு கையில் ஆஸ்பத்திரியில் கொடுத்த பை. உள்ளே அப்பாவின் கண்ணாடியும் செருப்பும். அப்பா ஜம்புலிங்கம் சற்று முன்புதான் இறந்துபோயிருந்தார். அம்மாவுக்கு இன்னும் தெரியாது. குளித்துவிட்டு, அவர் கேட்ட ரசத்தை வைத்துக் கொண்டுவரச் சொல்லி, விடிந்ததும் கனிமொழிதான் அவளைத் தில்லி புசா ரோடு வீட்டுக்கு அனுப்பியிருந்தாள்.

"சீரியஸ்னு மட்டும் சொல்லும்மா. மத்ததை சாயங்காலம் மெல்லச் சொல்லிக்கலாம். அக்காவுக்கு பிரஷர் வேற."

மாமா கெட்டவரில்லை, பாவம், பயந்த சுபாவம். ஊரிலிருந்து வரும் சாவுச் செய்தியெல்லாம் முதலில் சீரியஸ் என்றுதானே வருகிறது. ஆனால் அப்பா இருந்தால் இந்த யோசனையைக் காதிலேயே போட்டுக்கொண்டிருக்க மாட்டார்.

தில்லியின் ஓரத்துக் கிராமங்களில், நிலங்களை ஒன்றுசேர்த்து ரோடு போட்டு மிச்சத்தைப் பிரித்துத் தரும் திட்டத்தை நிலக்காரர்களுக்கு எடுத்துச் சொல்வதுதான் அப்பாவின் வேலை. காலேஜ் படிக்கும்போது ஒருமுறை அவளும் கூடப் போயிருந்தாள். ஜூனியர் ஆபீசர் ஒருவர் ரோடு வரும், பள்ளிக்கூடம் வரும், விலை ஏறும் என்று ஆரம்பித்தார். கேட்டவர்கள் முகம் இறுகிப்போனது. அப்பா அவரை நிறுத்தினார். தரையில் உட்கார்ந்து, அந்த வீட்டுத் தண்ணீரை வாங்கிக் குடித்தார். பிறகு தமிழ் வாசனை அடிக்கும் இந்தியில், உங்கள் நிலத்தில் பாதி போய்விடும், போனது திரும்பி வராது என்றார். அதற்கு மேல் பேசவில்லை. மீசைக்காரப் பெரியவர் ஒருவர் வாய்க்கு வந்தபடி ஏசினார். அப்பா எழுந்திருக்கவில்லை. வெயில் சாய்ந்தபோது அந்தப் பெரியவரே உள்ளே போய் மோர் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். மற்ற விவரமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

திரும்பும் வழியில் எப்படிப்பா தாங்கிக்கறீங்க என்று கேட்டாள்.

"இழப்பை மொதல்ல சொல்லிடணும்டா. ஒளிச்சு வெச்சா அப்புறம் நாம சொல்ற எதையும் நம்ப மாட்டாங்க. சொல்லிட்டு ஓடவும் கூடாது. திட்டறதைக் கேக்கறதும் என் டியூட்டிதான்."

என்ன மனுஷன் என்று அன்றைக்கு நினைத்தது இன்றைக்கும் மாறவில்லை.

அம்மா சமையலறையில் ரசத்தை பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டிருந்தாள். அப்பா கண் முழித்தாரா என்று கேட்டாள். மாமா வாசலிலேயே நின்றுவிட்டார். கனிமொழி தரையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். அம்மா கொடுத்ததை முழுக்கக் குடித்து டம்ளரைக் கீழே வைத்தாள்.

அம்மா அவளையே பார்த்தாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா போயிட்டாரும்மா. இனிமே வரமாட்டார்."

அப்புறம் அம்மா ஆரம்பித்தாள். ரசம் கேட்டுவிட்டு இப்படிப் போகலாமா என்று அவரை ஏசினாள். டாக்டரை ஏசினாள். தன்னை வீட்டுக்கு அனுப்பிய மகளைத்தான் அதிகம் ஏசினாள். மாமா தடுக்க வந்தார். கனிமொழி கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. உட்கார்ந்தே இருந்தாள்.

வெளியே காய்கறி வண்டிக்காரன் கூவிக்கொண்டு போனான். அம்மாவின் குரல் மெல்ல ஓய்ந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பிளாஸ்கைத் திறந்து, காலி டம்ளரில் ரசத்தை ஊற்றி, மகள் முன்னால் வைத்தாள்.