வாய்க்கால் கரை முட்டைகள்

கணவன் இறந்தபின் கோழிப்பண்ணையை அவளும் கொழுந்தனும்தான் கட்டி இழுத்தார்கள். சுற்றிலும் கட்டிய கம்பிவலைக்கு அடியில் பள்ளம் பறித்து நரிகள் உள்ளே வரத் தொடங்கின. தின்றது கொஞ்சம், கழுத்தைக் கடித்துப் போட்டது அதிகம். நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் போனால் சரி என்று சிரித்துக்கொண்டிருந்த கொழுந்தன், ஒருநாள் பூச்சிமருந்து வாங்கி வந்தான். செத்த கோழியின் வயிற்றைக் கீறி அதை ஊற்றித் தைத்து வேலியோரம் வைத்தவள் அவள்தான்.

விடிந்ததும் போய்ப் பார்த்தாள். வேலியோரம் ஆண் நரி வாயில் நுரை தள்ளிக் கிடந்தது. பெண் நரி ஆளைக் கண்டும் ஓடவில்லை. மூக்கால் அதன் கழுத்தை நெம்பி நெம்பிப் பார்த்தது. அசைவு நின்றதும் நுரையை முகர்ந்தது. பிறகு மிச்சக் கோழியிடம் போய் அதையும் முகர்ந்தது. புதரிலிருந்து ஓடிவந்த இரண்டு குட்டிகளில் ஒன்று கோழியில் வாய்வைக்கப் போக, தாய் அதைக் கவ்வித் தூரத் தள்ளியது. கோழிமேல் மூக்கால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டுக் குட்டிகளோடு போயிற்று.

அவள் வீடு திரும்பினாள். கொழுந்தனிடம் சொன்னாள். நரி எதையும் புதைத்துத்தான் வைக்கும், பசித்தால் தோண்டித் தின்னும் என்றான் அவன். அதுவும் பொய்யில்லை.

"அப்ப குட்டிய ஏன் தள்ளி விட்டுச்சு தம்பி?"

"கோழி செத்தப்ப நீங்க இப்படிக் கேக்கலியே அண்ணி."

இனி மருந்து வேண்டாம், வலைக்கு அடியில் சிமென்ட் போடலாம் என்றாள். அவன் தலையைச் சொறிந்தான். முட்டைகளிலும் ஊசியால் மருந்து ஏற்றி, ஓட்டையை மெழுகால் அடைத்து, வாய்க்கால் கரையில் நேற்றே வைத்துவிட்டதாக மென்று விழுங்கிச் சொன்னான்.

இருவரும் ஓடினார்கள். முழு முட்டையில் மருந்து வாசனை எப்படி வரும்? தாய் முட்டை ஓட்டை உடைத்துக் கொடுத்ததும், அது முகரும் முன்பே குட்டிகள் நக்கிவிட்டன போலும். குட்டிகள் இரண்டும் ஓட்டுத் துண்டுகளுக்கு நடுவே விறைத்துக் கிடந்தன. தாய் மட்டும் தின்றிருக்கவில்லை. எதிர்க்கரையில் நின்று அவர்களையே பார்த்தது. கொழுந்தன் குழி தோண்டினான். அவள் கை கூசி நின்றாள்.

அன்று பொழுது சாயும்வரை அது ஊளையிட்டது. பிறகு அந்தப் பக்கம் வரவேயில்லை.

பண்ணையில் கோழிச் சாவு நின்றதைக் கேள்விப்பட்டுப் பக்கத்துப் பண்ணைக்காரர் வந்தார். என்ன மருந்து என்று கேட்டார். கொழுந்தன் தரையைப் பார்த்தபடி பெயரைச் சொன்னான்.

"நரிக்குட்டிங்களும் சாகும்," என்றாள் அவள். "ஒரு தடவ அதுங்க சாகுறதக் கிட்ட நின்னு பாத்துட்டு, அப்புறமும் மனசு வந்தா வைங்க."

அவர் தலையாட்டிக்கொண்டார். போகிற வழியிலேயே அந்த மருந்தை வாங்கிக்கொண்டு போனார்.