கீழறை ஹீட்டர்

எங்கள் தெருவில் குழாய் எரிவாயுவை நிறுத்தப் போகிறார்கள் என்றதும் தம்பி புரொப்பேன் சிலிண்டர் வாங்கிவிட்டான். ஆனால் சிலிண்டரை மாட்டினால் மட்டும் போதாதாம். அடுப்பு, ஹீட்டர் எல்லாவற்றிலும் வாயுவைப் பீச்சுகிற ஜெட்டைக் கழற்றிவிட்டு, இன்னும் சின்னத் துளை உள்ளதைப் போட வேண்டுமாம். இல்லாவிட்டால் தீ பொங்கிப் புகையும் விஷமும் கக்குமாம். அதற்காக ஒரு மெக்கானிக் வந்திருந்தார்.

ஊர் எரிவாயுவைப் பற்றி எனக்கென்ன? என் அறை ஹீட்டர் எரிந்தால் சரி. போன குளிரில் மார்ச்சளி கட்டி, போய்ச் சேர இருந்தவள் நான். இன்னொரு குளிரை இந்த நெஞ்சு தாங்காது என்று டாக்டர் தம்பியிடம் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறார்.

மாடி ஹீட்டரைப் பார்த்துவிட்டு மெக்கானிக் படியிலேயே கையை விரித்தார்.

"அது ரொம்பப் பழசு சார். அதுக்கு ஜெட்டே கிடைக்காது. தூக்கிப் போட வேண்டியதுதான்."

தம்பி பெண்டாட்டிக்கு முகம் சுண்டிப்போனது. மகளும் மாப்பிள்ளையும் வந்து தங்குவதற்காக அந்த மாடி அறையை அவள் துடைத்துத் துடைத்து வைத்திருந்தாள். வேணும், நல்லா வேணும் என்று நினைத்தேன். பொய் சொல்வானேன், சிரிப்பைக் கூட அடக்க முடியவில்லை.

பிறகு என் அறைக்கு வந்து ஹீட்டரைக் குனிந்து பார்த்தார் மெக்கானிக்.

"இது அருமையான ஹீட்டர்மா. உடனே மாத்திடலாம்."

"நீங்க நல்லா இருக்கணும்ப்பா," என்றேன் மெக்கானிக்கிடம்.

கூடத்துக்கு எடுத்துப்போய் ஜெட்டை மாற்றி, சிலிண்டரில் மாட்டிப் பற்றவைத்தார். கதவு வழியாகப் பார்த்தேன். நீலமாக, ஆடாமல் எரிந்தது. அணைத்து, ஆறியதும் தூக்கினார்.

"மேல கொண்டு போங்க," என்றான் தம்பி.

"டேய், அது என்னோடதுடா!"

"மாப்பிள்ளை முதல் தடவையா தங்க வர்றாருக்கா. குளிர்ல நடுங்க விடச் சொல்றியா?"

"அப்ப நான் நடுங்கலாமா?"

"அண்ணி எப்பவும் இழுத்துப் போத்திக்கிட்டுத்தானே படுத்திருக்காங்க," என்றாள் அவன் பெண்டாட்டி, என்னைப் பார்க்காமல்.

"படுபாவி! டாக்டர் சொன்னது மறந்துபோச்சாடா உனக்கு?"

அவன் தலைகூடக் குனியவில்லை.

"ஞாபகம் இருக்குக்கா," என்றான்.

 

மாடி வேலையை முடித்துவிட்டு மெக்கானிக் திரும்ப வந்தார். என் சுவரில் ஹீட்டர் இருந்த இடத்துக் குழாயை ஒரு மூடி போட்டு முறுக்கி அடைத்தார். அதன்மேல் சோப்பு நுரையைத் தடவிக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"ஒரு குமிழிகூட வரலைம்மா," என்றார் சந்தோஷமாக. "துளி கசிவு இல்ல. இனிமே நீங்க பயமில்லாம தூங்கலாம்."